சுருக்குப் பையில் மருமகளின் போன்

பதினைந்து நாள் முன்பு, மகாபலிபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் என் மருமகளுக்குக் கை தட்டிவிட்டு வந்தேன். உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். நன்றாக நடந்ததற்காக அவளுக்குப் பரிசு. நடந்தது யார்? நான்!

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத என்னை இந்தப் பத்திரிகைக்காரர்கள் வாரா வாரம் பேசவிட்டு இங்கே எழுதிக்கொள்கிறார்கள். பேச்சு கொஞ்சம் அங்கே இங்கே போய்த்தான் வரும். உங்களுக்குப் பழகியிருக்கும்.

எனக்குச் சர்க்கரை. தினமும் நட, இல்லையென்றால் ஊசிதான் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தினம் தினம் வயிற்றில் குத்திக்கொள்கிற ஊசி. எதிர்வீட்டு மேரி அப்படிக் குத்திக்கொள்வதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஊசி என்றாலே பயம்.

பயம் இருந்தால் நடக்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். என் மகன் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். ஸ்டாஃப் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்திலும் போனில் ஒரு வீடியோ போட்டு என் முன்னால் வைத்துவிட்டுப் போவான். கோட் போட்ட ஒருத்தர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே, உனக்குள்ளே ஒரு சிங்கம் தூங்குகிறது என்பார். அது பாவம் தூங்கட்டும் என்று நானும் படுத்துக்கொள்வேன்.

சோம்பேறி என்று நினைக்காதீர்கள். காலம் பூரா நடந்தவள் நான். யார் யாருடைய நிலத்திலோ நாற்று நட்டு, களை எடுத்து, அறுத்து... நடவு நடும்போது பின்பக்கமாகவே நடப்போம், தெரியுமா? முன்னால் பச்சையாக நிற்கும், நாங்கள் பின்னால் போய்க்கொண்டே இருப்போம். அத்தனை நடைக்கும் ஒரு வேலை இருந்தது. கையை வீசிக்கொண்டு சும்மா போய் சும்மா திரும்பி வருவது — அது என் புத்திக்கு ஏறவே இல்லை.

அப்போதுதான் மருமகள் சுகன்யா போனோடு வந்தாள்.

அவளுக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. கம்பெனியில் நடைப் போட்டி வைத்தார்களாம். யார் போன் அதிக அடி காட்டுகிறதோ அவர்களுக்குப் பரிசு. அவளோ எங்கள் ஊரப்பாக்கத்தில் வண்டியில் உட்கார்ந்தால், அங்கே போய் நாற்காலியில் உட்கார்ந்து, திரும்ப வண்டியில் உட்கார்ந்து வருகிறவள்.

"அத்தை, நீங்க எப்படியும் நடக்கணும்ல? என் போனையும் எடுத்துக்கினு போங்களேன். ரெண்டு பேருக்கும் நல்லது."

போனைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகினேன். மறுநாள் விடிவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், நம்புவீர்களா? கால் தானாகப் போனது. ஸ்டேஷன் வரைக்கும் போய், தண்டவாளத்தை ஒட்டியே திரும்பி வருவேன். மேரியும் கூட வருவாள். ஊசி வந்த பிறகாவது நடக்கிறேனே என்பாள்.

"இன்னாடி, இடுப்புல கொயந்தயத் தூக்கினு போறா மாதிரி போற?"

"என் மருமவ நடக்கறா. குறுக்க வராத."

சிரித்த சிரிப்பில் இன்னும் ரெண்டு தெரு கூடும்.

மழைக்கும் நிற்கவில்லை. ஒருநாள் காய்ச்சலென்று படுத்துவிட்டேன். சுகன்யா அறை வாசலில் வந்து நின்றாள். உடம்புக்கு என்ன என்று கேட்பாள் என்று பார்த்தேன். "இன்னிக்குப் போவலையா அத்தை? நான் பின்னாடி போயிடுவேனே" என்றாள். எழுந்து போனேன். இப்போது நினைத்தால் கசக்கிறது. அன்றைக்குப் பெருமையாக இருந்தது — நம்மை நம்பி ஒருத்தி இருக்கிறாளே!

சர்க்கரை மளமளவென்று இறங்கியது. டாக்டரம்மா ஊசிப் பேச்சையே எடுக்கவில்லை.

பரிசு கொடுக்க, குடும்பத்தோடு ரிசார்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். எதிரே கடல், ஏசி ஹால், பேர் தெரியாத பலகாரம். எனக்கு ஒரே குஷி. சுகன்யாவை மேடையேற்றி, அடி எண்ணுகிற வாட்ச் ஒன்றைக் கையில் கட்டிவிட்டார்கள். மைக்கை நீட்டி, தினமும் உங்களைக் கிளப்பிவிட்டது யார் என்று கேட்டார்கள். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். எழுந்து நிற்கச் சொல்வார்கள் இல்லையா?

"யாரும் இல்ல சார். எனக்கு நானேதான் மோட்டிவேஷன்" என்றாள்.

என் பக்கம் ஒரு பார்வை பார்த்திருந்தால்கூடப் போதும்... ஹாலே கை தட்டியது. நானும் தட்டினேன். பக்கத்து நாற்காலிப் பெண், இப்படி மருமகள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்கணும் என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

போட்டி முடிந்தது, சுருக்குப் பை காலி. திங்கட்கிழமை நான் எழவில்லை. செவ்வாயும் எழவில்லை. மேரி கேட் அருகே நின்று கூப்பிட்டாள். கால் வலி என்றேன். பொய். மருமகள் மேல் கோபம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மையில்லை.

மேரி விடவில்லை, உள்ளேயே வந்துவிட்டாள். புடவையை லேசாக விலக்கி வயிற்றைக் காட்டினாள். குத்திக் குத்திக் கன்றிப் போயிருந்தது.

"பாரு, நல்லா பாரு. அவ போனுக்கு நடப்ப, உன் வயித்துக்கு நடக்கமாட்டியா? இதான் ஓணும்னா படுத்துக்கினே இரு."

சுருக்கென்று பட்டது. இத்தனை வருஷமாக அடுத்தவர் வேலைக்கு ஓடியே பழகிய கால் இது. அன்றைக்கு நிலத்துக்காரர், இன்றைக்கு மருமகள் போன். முதலாளி மாறியிருக்கிறார், அவ்வளவுதான். என் உடம்பைப் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஏன் தோன்றவில்லை? உங்களில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கிறது?

மறுநாள் எழுந்தேன். சிங்கமெல்லாம் எதுவும் விழிக்கவில்லை. வீம்பு மட்டும் விழித்தது. அதை வைத்துக்கொண்டு தெருமுனை வரை போனேன். அதற்கடுத்த நாள் ஸ்டேஷன் வரை.

நேற்று சுகன்யா வந்தாள். கையில் அந்த வாட்ச்.

"அத்தை, ரெண்டாவது ரவுண்டு ஆரம்பிச்சுட்டாங்க. இதக் கட்டிக்கினு போனா போதும்."

"நீ கட்டிக்கினு வாம்மா. கூடவே நடக்கலாம்."

"எனக்கு எங்க அத்தை டைம்?"

"அப்ப அதுக்கே காலு மொளைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். அவள் முகம் சுருங்கியது. அவளும் நாள் பூரா உட்கார்ந்தே இருக்கிறவள்தான். நாளைக்கு அவள் வயிற்றுக்கும் ஊசி வரலாம். அதை எந்த மேடையில் யார் சொல்வார்கள்?

இன்றைக்கும் நடந்துவிட்டுத்தான் வந்து பேசுகிறேன். எத்தனை அடி? யாருக்கும் தெரியாது. என் சர்க்கரைக்கு மட்டும் தெரியும்.