ஒரே பேட்டையில் பிறந்த இருவர்

1953ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். நாட்காட்டியில் சனிக்கிழமைத் தாளைக் கிழித்தேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். தெருக்குழாயில் நாலு குடம் தண்ணீர் பிடித்தேன். ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலம் என்பதால் மாதா கோயிலில் பிரசங்கம் நீண்டது. திரும்பும்போது ஏழே முக்கால். இட்லியும் முந்தின நாள் மீன்குழம்பும். ஒன்பது மணிக்கு டைப்ரைட்டரின் உறையை எடுத்து மடித்து வைத்தேன். இரண்டு தாள், நடுவில் ஒரு கார்பன் தாள், ஓரம் சமமாகத் தட்டிச் செருகினேன்.

இதுவரை டைரியில் இருக்கிறது. அதற்குக் கீழே அந்தப் பக்கம் காலி. இருபத்தோரு வருஷ டைரியில் பாதியில் நின்ற பக்கம் அது ஒன்றுதான். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அப்போது நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்ட் குமாஸ்தா. ராயபுரத்தில், ஸ்டேஷனுக்கு வடக்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். ஞாயிறு காலைகளில் அக்கம்பக்கத்தாருக்கு மனு, கடிதம் டைப் அடித்துத் தருவேன். அன்று பத்து மணிக்கு வர வேண்டியவர் சர்க்கஸம்மா.

அவர் ஜெர்மன்காரி. சர்க்கஸில் கம்பிமேல் நடந்தவர். யுத்தத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியோடு மெட்ராசுக்கு வந்து, கொட்டகையில் விழுந்து இடது காலை முறித்துக்கொண்டார். கம்பெனி கப்பலேறிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த ஆறு மாதத்தில், பேசின் பிரிட்ஜ் யார்டில் வேலை செய்த ஒரு ஆங்கிலோ-இந்திய ரயில் கார்டு அவரைப் பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கணவரும் 1946இல் இறந்துபோனார். அதன்பின் இவர் ஒற்றை அறையில் இருந்துகொண்டு, ரயில்வேக்காரர் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தார். தமிழை மீன் மார்க்கெட்டில்தான் கற்றார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் காசிமேட்டுக்காரி என்றே நினைப்பார்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை, மார்ச் மாதத்தில், தங்கையின் பிறந்த நாளை ஒட்டி ஒரு கடிதம் அடிக்கச் சொல்வார். யுத்தத்தில் காணாமற்போனவர்களைத் தேடித் தரும் ஐரோப்பிய அலுவலகம் ஒன்றுக்கு. ஹாம்பர்க் நகரம், ஆல்டோனா பேட்டை, ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டுத் தெரு, ரொட்டிக்கடைக்காரரின் இளைய மகள், வயது இன்னது, உயிருடன் இருந்தால் தகவல் தரவும். 'தகவல் இல்லை' என்று நாலைந்து மாதத்தில் பதில் வரும். அந்தப் பதிலை அவர் துக்கமாக எடுத்துக்கொண்டதில்லை. "இல்லன்னு சொல்லல பாரு ரைட்டரே. தெர்லன்னுதான் சொல்லிக்கீறான்" என்பார். கடிதம் தபாலில் சேர்ந்த பின் ஒரு மாதம் அவர் வாசிக்கும் பியானோ எங்கள் சந்துவரை கேட்கும்.

அந்த வருஷம் ஏழாவது கடிதம்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கொட்டகை இருந்தது. நாடகக் கம்பெனி காண்ட்ராக்டர் ஒருவர் அதை வாடகைக்கு எடுத்து, மேடைக்குப் பின்னால் தொங்கும் சீன் படுதா வரைய ஒரு பெயிண்டரை நாற்பத்தெட்டில் கொண்டுவந்து வைத்தார். அவரும் ஜெர்மன்காரர்தான். யுத்தத்தில் எதிரி நாட்டார் என்று அவரை ஐந்து வருஷத்துக்கு மேல் முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். வெளியே விட்டபோது ஊர் திரும்பவில்லை. 'சீன் துரை' என்று தெருவில் பெயர். நாடக ஒத்திகைகளைக் கேட்டே தமிழ் படித்தவர். தண்ணீர் கேட்பதானாலும், "தாகம் வாட்டுகிறது, அம்மணி" என்பார். என் மனைவி உள்ளே போய்ச் சிரித்துவிட்டுத்தான் செம்பை எடுத்து வருவாள்.

நாற்பத்தொன்பது மார்ச்சில்தான் இருவரும் முதலில் சந்தித்தார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சர்க்கஸம்மா ஆசையாக அவர்களுடைய பாஷையில் ஏதோ நீளமாகப் பேசினார். பேசப் பேசத் துரையின் முகம் வெளுத்தது. பிறகு, "மன்னிக்க வேண்டும் அம்மணி. நான் தெற்கே மலைநாட்டான். அந்த மொழியைத் துறந்து வெகுகாலமாயிற்று" என்றார் தமிழில்.

"இன்னா ராஜா வேசம் கட்டிக்கினு பேசற? துறந்தியா? அது இன்னா பொண்டாட்டியா?" என்று கேட்டார் சர்க்கஸம்மா. துரை சிரிக்கவில்லை. கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதிலிருந்து சர்க்கஸம்மாவுக்குத் துரைமேல் கோபம். "ரயில் கார்டைக் கட்டிக்கினேன்னு அந்தாளுக்கு எளப்பம்" என்று என் மனைவியிடம் சொன்னாராம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கொட்டகைப் பக்கம் பார்த்து, "மகாராசா சௌக்கியமா?" என்று ஒரு குரல் கொடுக்காமல் போகமாட்டார். உள்ளிருந்து, "சௌக்கியம், அம்மணி" என்று வரும். நாலு வருஷத்தில் இரண்டு ஜெர்மன்காரர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான், அதுவும் தமிழில்.

ஒரு தரம் நானே துரையிடம் போய், அந்தக் கடிதத்தின் அடியில் ஜெர்மனில் நாலு வரி எழுதித் தந்தால் அங்கே இருப்பவர்கள் கவனிப்பார்கள் என்று கேட்டேன். மறுத்தார். அடுத்த வருஷமும் கேட்டேன். அன்று என்னை உட்காரச் சொல்லி, ஒரு டப்பாவிலிருந்து அண்ணன் மனைவி எழுதிய கடிதத்தை எடுத்துத் தமிழில் படித்துக் காட்டினார். தெருவில் யார் யார் என்ன ஆனார்கள் என்று அதில் வரிசையாக எழுதியிருந்தது. துரையும் அதே ஆல்டோனாக்காரர். அதே படிக்கட்டுத் தெருவுக்கு அடுத்த தெரு. சைன்போர்டு எழுதும் ஒருவரிடம் பதினாறு வயதில் வேலை பழகியபோது, அந்த ரொட்டிக்கடைக்கு மேலே தொங்கிய முறுக்கு மாதிரியான ரொட்டிச் சின்னத்துக்குத் தங்கத்தாள் ஒட்டியதே அவர்தான். அப்போது மூத்த மகளுக்கு ஆறு வயது, இளையது கைக்குழந்தை.

விமானங்கள் குண்டு போட்டபோது இளையவள் தன் இரண்டு குழந்தைகளோடு கடையின் நிலவறையில் இருந்தாள். மேலே தெரு முழுதும் எரிந்தது.

"எங்கள் பேட்டைப் பேச்சு, உங்கள் ராயபுரத்துப் பேச்சைப் போன்றது. வாயைத் திறந்தால் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். தெரிந்தால் தங்கையைப் பற்றிக் கேட்பாள். இறந்தாள் என்று சொல்லிவிடலாம். எப்படி என்று கேட்பாளே" என்றார். யாரிடமும் சொல்வதில்லை என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

நான் ஒரு எழுத்துத் தவறினால் முழுத் தாளையும் கிழித்துவிட்டு மறுபடி அடிப்பவன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், 'உயிருடன் இருந்தால்' என்று ஒரு பிழையும் இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். சர்க்கஸம்மா கையெழுத்துப் போடும்போது கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பேன், காலையில் கொடுத்திருந்தும்.

அந்த ஞாயிறு, அடுத்த சனிக்கிழமை மேடையேறும் நாடகத்துக்கு ஒரு தெரு சீன் தயாராகியிருந்தது. துறைமுகப் பட்டினத்துக் கடைத்தெரு வேண்டும் என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். கொட்டகைக் கூரையில் தகரம் மாற்றிக்கொண்டிருந்ததால், சீனை வெளியே கொண்டுவந்து, மதிலுக்கும் பூவரச மரத்துக்கும் கயிறு கட்டிக் காயப் போட்டிருந்தார் துரை. கோபுரம், தென்னை, பூக்கடை, வளையல் கடை. இடது ஓரத்தில் தண்ணீருக்கு இறங்கும் கல்படிகள், பக்கத்தில் இரும்புக் கைப்பிடி. படிக்கு மேலே ஒரு கடை. அதன் வாசலில் பெரிய தங்க முறுக்கு தொங்கியது.

"முறுக்குக் கடைக்காரன் நல்ல வசதி போலக்கீது, தங்கத்துல சுத்திக்கீறான்" என்று என் மனைவி காலையில்தான் கேலி செய்தாள். நானும் சிரித்தேன். கடிதத்தைப் படித்துக் காட்டக் கேட்டவன், தங்கத்தாள் கதையைக் கேட்டவன். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பத்தே காலாகியும் சர்க்கஸம்மா வரவில்லை. மனைவி முன்வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதனால் அவர் கொல்லைக் கதவு வழியாக வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் எழுந்து பார்த்தபோது அவர் சீனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். காலை மடக்க முடியாதவர், ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து, துணியில் தொடாமல், விரலால் படிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

துரை டீ கிளாசோடு கொட்டகையிலிருந்து வந்து நின்றார்.

"பெயிண்டரே, இத்த எங்க பாத்த?"

"கற்பனை, அம்மணி."

"மூணாவது படி ஒடஞ்சிக்கீதே, அதுவும் கற்பனையா?"

துரை டீ கிளாசை மறு கைக்கு மாற்றினார்.

"இந்தக் கைப்பிடி மேலதான் நான் மொத மொதல்ல நடந்தேன். எங்கப்பா ரொட்டிக் கட்டையோட ஓடியாந்தாரு. தங்கச்சி இந்த வாசப்படில குந்திக்கினு கை தட்டுச்சு" என்று தங்க முறுக்கின் கீழே காட்டினார். பிறகு திரும்பி அவரைப் பார்த்து, அவர்களுடைய பாஷையில், மிக மெதுவாக, சின்னதாக ஒரு கேள்வி கேட்டார்.

துரை என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன். அவர் டீ கிளாசை மதில்மேல் வைத்துவிட்டு, சாயம் குழைக்கும் வஜ்ஜிரப் பசையின் காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். பேசத் தொடங்கினார். ராஜா வேஷக் குரல் இல்லை. தெருவில் நின்று பேசுகிறவனின் குரல், வேகமாக, பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டு. அந்தக் குரலை நாங்கள் அதுவரை கேட்டதே இல்லை. எனக்கு எதுவும் புரியவில்லை, ஆறு முறை நான் டைப் அடித்த அந்த ஒரு பெயரைத் தவிர. அது நாலைந்து முறை வந்தது. சர்க்கஸம்மா இரண்டே கேள்விகள் கேட்டார். இரண்டாவது கேள்விக்குத் துரை தரையைப் பார்த்தே பதில் சொன்னார். என் மனைவி துடைப்பத்தோடு வந்து நின்றவள், ஒன்றும் தெரியாமலே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முடிந்தபின் சர்க்கஸம்மா என்னிடம் நடந்து வந்தார்.

"ரைட்டரே, ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஐம்பதாம் வருஷம் மார்ச் பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலரை மணி."

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது அதுதான்.

"தேதில்லாம் கரெக்டா வச்சிக்கீற" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காலை இழுத்துக்கொண்டு, வந்த வழியே போய்விட்டார். போகும்போது கொட்டகைப் பக்கம் குரல் கொடுக்கவில்லை.

அன்று மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குத் துரை ஒரு பெரிய பிரஷும் ஒரு வாளி தண்ணீரும் எடுத்துக்கொண்டு சீனுக்கு முன்னால் நின்றார். பசையில் குழைத்த சாயம். ஈரப் பிரஷ் பட்டால் கரைந்துவிடும். இடது ஓரத்தை அழிக்கப் போகிறார் என்று தெரிந்தது. அரைமணி நேரம் அப்படியே நின்றார். பிறகு தண்ணீரை மரத்தடியில் கொட்டிவிட்டு உள்ளே போனார். அந்தச் சீன் அப்படியே மேடையேறியது. பிற்பாடு எத்தனையோ ஊருக்குப் போயிருக்கும்.

ஆறு மணிக்கு டைரியைத் திறந்தேன். ஒரு வரி எழுதினாலும் அதற்கு முந்தைய மூன்று வருஷத்தையும் எழுத வேண்டும். மூடினேன்.

மறுநாள் காலை ஐந்து பத்துக்கு எழுந்து கதவைத் திறந்தபோது, வாசலில் சர்க்கஸம்மா உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவருக்கு இரண்டு முழம் தள்ளித் துரை நின்றுகொண்டிருந்தார், கையில் பேனாவோடு. இருவரும் பேசிக்கொண்டிருந்ததாகத் தோன்றவில்லை.

"ரைட்டரே, மிஷினை எடு. ஆபீசுக்குப் போறதுக்குள்ள ஒண்ணு அடிக்கணும்" என்றார் சர்க்கஸம்மா. "தேடிக் குடுங்கன்னு போடாத. எங்க பொதச்சாங்கன்னு கேளு. பொதச்சாங்களான்னு கேளு. கீழ இவுரு எழுதுவாரு."

முந்தின நாள் செருகிய தாள் இன்னும் மிஷினில் இருந்தது. மேலே முகவரிவரை அடித்திருந்தேன். அதை உருவி எடுத்தேன். புதிதாக இரண்டு தாள், நடுவில் கார்பன், ஓரம் சமமாகத் தட்டிச் செருகினேன். நாட்காட்டியைக் கிழிக்கவில்லை, அது எட்டாம் தேதியையே காட்டிக்கொண்டிருந்தது. வலது மூலையில், முதலில், 9 மார்ச் 1953 என்று அடித்தேன்.