அஸ்னிவ் அக்காவின் வேகமான இமைகள்

என் அத்தான் ஷவார்ஷ் செருப்புப் பட்டறையில் தோல் வெட்டுகிறவர். கத்தி பிடித்தால் மயிரிழை பிசகாது. கேமரா பிடித்தால்தான் வினை. ஞானஸ்நானம், நிச்சயதார்த்தம், ஈஸ்டர் விருந்து, எதுவானாலும் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார். எங்கள் பேட்டையான பூர்ஜ் ஹம்மூதில் சொந்தக்காரர் வீடுகளில் அவர் எடுத்த படம் தொங்காத சுவரே கிடையாது. அத்தனை சுவரிலும் என் அக்கா அஸ்னிவ் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

நிஜமான தூக்கம் இல்லை. வெளிச்சம் அடிக்கிற நேரம் பார்த்துக் கண்ணை மூடிவிடுவாள். மூக்குமுட்டக் குடித்துவிட்டு நிற்கிற பெரியப்பாகூட முழித்துக்கொண்டிருப்பார், இவள் மட்டும் மூடியிருப்பாள். கல்யாணப் படமும் கிடையாது. உள்நாட்டுச் சண்டை நேரம், அவர்கள் கல்யாணத்தன்று குண்டு விழுந்துகொண்டிருந்தது, போட்டோக்காரன் வரவேயில்லை. பாஸ்போர்ட்டில் கண் திறந்த படம் ஒன்று உண்டு. அதில் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருப்பாள். அத்தான் அதைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்.

இரண்டு கிளாஸ் அரக் உள்ளே போனால் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். "மச்சான், அந்தக் கண்ணப் பாத்துத்தான்டா உங்க அக்காவக் கட்டுனேன். இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, ஒரு படத்துலகூட அது இல்லடா."

"தெரியும் அத்தான். போன வாரமும் சொன்னீங்க" என்பேன்.

போன ஈஸ்டரில் வந்தது பெரிய வில்லங்கம். அக்கா கறுப்பு உடுப்பில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கை இரண்டும் மடியில், கண் மூடியிருக்கிறது. சுற்றிலும் நாங்கள் எல்லோரும் நிற்கிறோம். இந்தப் படத்தை அத்தான் பெருமையாக அலெப்போவில் இருக்கும் ஸாரூஹி சித்திக்குத் தபாலில் அனுப்பினார். சித்தி அந்தக் காலத்து மனுஷி. இறந்தவரை நடுவில் வைத்துச் சுற்றிலும் குடும்பம் நின்று படம் எடுத்ததையெல்லாம் பார்த்தவள். அவள் என்ன செய்வாள் பாவம், நேரே கோயிலுக்குப் போய் அஸ்னிவின் ஆத்மா சாந்தியடையப் பூசை வைத்து, நாற்பது பேருக்குச் சாப்பாடும் போட்டுவிட்டாள். அப்புறம்தான் துக்கம் விசாரிக்கப் போன் செய்தாள்.

போனை எடுத்தது அக்கா.

"சித்தி, நான் அஸ்னிவ் பேசறேன்" என்றாள். அந்தப் பக்கம் ஒரு அலறல், பிறகு ரிசீவர் தரையில் விழும் சத்தம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "எனக்குத் திவசச் சாப்பாடு போட வச்சுட்டான் இந்த மனுஷன். இனிமே எந்தப் படத்துலயும் நான் நிக்க மாட்டேன்" என்று அறிவித்துவிட்டாள். சொன்னபடியே கேமராவைக் கண்டால் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்படி இருக்கும்போது என் மகள் மராலுக்கு முதல் பல் முளைத்தது. பல் முளைத்தால் எங்கள் வீடுகளில் கோதுமை அவிப்போம். குழந்தையைத் தரையில் உட்கார வைத்து, தலையில் மெல்லிய துணி போர்த்தி, மாதுளை முத்து கலந்து அவித்த கோதுமையை மேலிருந்து கொட்டவேண்டும். எதிரே சீப்பு, கத்தரிக்கோல், புத்தகம், சுத்தியல் என்று பரப்பிவைத்தால், குழந்தை எதை எடுக்கிறதோ அதுதான் நாளைக்கு அதன் தொழில். கோதுமை கொட்ட அஸ்னிவ் அக்காதான் வேண்டும் என்று என் மனைவி லூசின் சொல்லிவிட்டாள். அக்காவுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை, அவளும் எடுப்பதில்லை. லூசின் கேட்டதும் சரி என்றாள். படத்துக்கும் சம்மதித்தாள்.

"ஒரே ஒரு படம்" என்று அத்தான் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினாள். "அதுலயும் கண்ணு மூடியிருந்துச்சு, ஷவார்ஷ், கேமராவ மூணாவது மாடியிலருந்து கீழ எறிஞ்சுடுவேன். அப்புறம் சாகற வரைக்கும் எனக்குப் படமே கிடையாது."

அத்தானுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டு ஹாலில் பட்டப்பகலிலும் இருட்டுதான். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும். கேமராவோடு ஒட்டிப் பிறந்த ஃபிளாஷை இனி நம்பமுடியாது, தனியாக நல்லது ஒன்று வேண்டும் என்று முடிவுகட்டினார். முதலில் யாரோ ஸ்டூடியோக்காரரிடம் குடை வைத்த பெரிய விளக்கை இரவல் வாங்கிவந்து மாட்டினார். அரசாங்கக் கரண்ட் இல்லாத நேரம், அப்போது ஓடிக்கொண்டிருந்தது தெருவுக்கே பொதுவான ஜெனரேட்டர், எங்கள் சந்தா ஐந்து ஆம்பியர், ஃபிரிட்ஜும் இஸ்திரிப்பெட்டியும் ஏற்கெனவே அதைத் தின்றுகொண்டிருந்தன. பட்டனை அமுக்கியதும் மொத்த வீடும் அணைந்தது. லூசின் இஸ்திரிப்பெட்டியும் கையுமாக வந்து அத்தானைப் பார்த்த பார்வையில் அவரே விளக்கைக் கழற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்து நைரியின் கடை. நைரி எந்நேரமும் சூயிங்கம் மெல்லும் பெண். யாருக்கும் முகதாட்சண்யம் பார்க்கமாட்டாள். "இருக்கறதுலயே நல்லதக் குடும்மா" என்று அத்தான் கேட்க, தானே எல்லாம் அளந்துகொள்ளும் விலை கூடிய ஃபிளாஷ் ஒன்றை, பார்த்துவிட்டுத் தாருங்கள் என்று கொடுத்தாள். "மூஞ்சில அடிக்காதீங்க அண்ணே, கூரையப் பாத்துத் திருப்புங்க. வெளிச்சம் மேல பட்டு இறங்கணும்" என்றாள்.

கூரையைப் பார்த்துத் திருப்பினோம். சோதனைக்கு நான்தான் உட்கார்ந்தேன். படத்தில் எனக்கு முற்றிய மஞ்சள் காமாலை.

"ஏன்டா, கல்லீரல் ஏதும் கெட்டுப்போச்சா?" என்றார் அத்தான், நிஜமான அக்கறையோடு.

கெட்டது கூரை. அதற்கு ஆப்ரிகாட் பழ நிறம் அடித்தவன் நான்தான். எங்கள் பூர்வீக நாட்டுக் கொடியிலும் அந்த நிறம், கூரையிலும் இருக்கட்டுமே என்று ஏதோ ஒரு உணர்ச்சிவேகத்தில் அடித்துத் தொலைத்தேன்.

மறுநாள் அந்தக் காமாலைப் படத்தோடும் ஃபிளாஷோடும் நைரியிடம் சண்டைக்குப் போனோம். வாய்த்தகராறில் அத்தான் பழைய ஆல்பத்தையும் அவள் முன் தூக்கிப் போட்டார். நைரி புரட்டினாள், புரட்டப் புரட்ட மெல்வது நின்றது.

"யார் அண்ணே இந்தத் தூங்குமூஞ்சி?"

"என் பொண்டாட்டி."

"மன்னிச்சுக்குங்க." ஆல்பத்தை மூடிவைத்தாள். "அண்ணே, இந்த ஃபிளாஷ் ரெண்டு தடவ மின்னும். முதல்ல லேசா ஒண்ணு, எவ்வளவு வெளிச்சம் வேணும்னு அளக்க. அடுத்ததுதான் படத்துக்கு. உங்க கேமராவுல இருக்கறதும் அதேதான் பண்ணுது. நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். சில பேருக்கு மட்டும் இமை ரொம்ப வேகம். முதல் மின்னலுக்கே மூடிடும், படம் விழறப்ப மூடித்தான் இருக்கும்."

"என் பழைய கேமரா?"

"கண்ணு சிவப்பா விழக் கூடாதுன்னு அதுவும் முன்னாடியே ஒரு தடவ மின்னியிருக்கும்."

அத்தான் ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கேட்டியாடா? அவளுக்கு இமை வேகம்!" ஏதோ ஓட்டப்பந்தயத்தில் அக்கா கோப்பை வாங்கிவந்த மாதிரி ஒரு பூரிப்பு.

"அப்ப எனக்கு எது?" என்று கேட்டார். நைரி கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்தாள். "இதுக்கு மூளை கிடையாது. எவ்வளவு வெளிச்சம்னு நீங்கதான் திருகி வைக்கணும். ஆனா ஒரே ஒரு தடவதான் மின்னும்." விலை கூடியதை அங்கேயே வைத்துவிட்டு, மூளை இல்லாததைக் கட்டிக்கொண்டு வந்தார் அத்தான்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. பட்டறை விட்டதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் தரையில் உட்கார்ந்து, மராலுக்குப் பதிலாக என் தலையில் துணி போர்த்திக்கொண்டேன். கால்வாசி, அரைவாசி, முழுசு என்று திருகித் திருகி அடித்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் தோல்துண்டில் எழுதிவைத்தார் அவர். ஆப்ரிகாட்டை மறைக்கக் கூரையில் வெள்ளைப் படுக்கைவிரிப்பு ஒன்றை ஆணியடித்தோம். அது லூசினின் கல்யாணச் சீர் என்று அடித்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

பல் விழா அன்று சொந்தங்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். மரால் நடுவில் உட்கார்ந்து சுத்தியலை முறைத்துக்கொண்டிருந்தாள். அக்கா கோதுமைக் கிண்ணத்தோடு அவள் பின்னால் மண்டியிட்டாள். அந்த நேரம் பார்த்து அரசாங்கக் கரண்ட் போனது. எல்லோரும் "ஐயையோ" என்றார்கள். அத்தானின் ஃபிளாஷில் நாலு பேட்டரி இருந்தது. அவர் அசையவில்லை. நெற்றியில் மட்டும் வியர்வை வழிந்தது.

ஜன்னல் வழியே வந்த மங்கல் வெளிச்சத்திலேயே அக்கா கொட்டினாள். கோதுமையும் மாதுளை முத்தும் துணிமேல் பொலபொலவென்று உருண்டன. குழந்தை தலையைத் தூக்கி அவளைப் பார்த்துச் சிரித்தது. பளிச்சென்று ஒரே ஒரு மின்னல். அதற்கப்புறம் இருட்டு.

ஜெனரேட்டர் கரண்ட் வந்தபோது மரால் சீப்பை எடுத்திருந்தாள். "சலூன்காரி!" என்று எல்லோரும் கைதட்டினார்கள். அத்தான் மட்டும் கேமராவின் முதுகைப் பார்த்தபடி நின்றார். அக்கா விறுவிறுவென்று வந்தாள். "குடு இப்படி. எறிஞ்சுடறேன்" என்று பிடுங்கினாள்.

நான் எட்டிப் பார்த்தேன். கண் மூடியிருந்தது நான்தான், ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு. நடுவில் அக்கா. இரண்டு கண்ணும் அகலத் திறந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டும் நிறைந்து தளும்பின. அவள் அழுதது அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் கோதுமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். சிரிக்கலாம் என்று திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

அக்கா கேமராவை முகத்தருகே கொண்டுபோனாள். பிறகு குரலை இறக்கி, "நான் இப்படியா இருக்கேன்?" என்றாள். அத்தானை நிமிர்ந்து பார்த்தாள். "நீ இதப் பாத்திருக்கியா, ஷவார்ஷ்?"

"இருபத்திரண்டு வருஷமா பாத்துக்கிட்டுதான இருக்கேன்" என்றார் அத்தான். "படத்துலதான் விழல."

அக்கா கேமராவை எறியவில்லை. அவர் கழுத்திலேயே திரும்ப மாட்டி, வாரை நேராக்கினாள். "சித்திக்கு ஒண்ணு அனுப்பு, நான் உயிரோட இருக்கேன்னு தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு, தரையில் சிதறிய கோதுமையைக் கூட்ட விளக்குமாறு எடுக்கப் போனாள்.