ஒரு கார்டும் ஒன்பது பத்திரங்களும்

போன திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு ஹாலிஎல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். குடையை விரிக்கக்கூட விடவில்லை.

"டீச்சர்... கொஞ்சம் உள்ள வாங்க!"

கொமியூனிகேஷன் கடை வாசலில் புஷ்பா. முகம் சரியில்லை.

புஷ்பாவை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். நான் வாராவாரம் கிறுக்கிக் கொடுக்கும் இந்தப் பத்தியை டைப் செய்து பத்திரிகைக்கு அனுப்பி வைப்பவள் அவள்தான். ஆகவே, அவளைப் பற்றி ஒரு பொய்கூட எழுத வழியில்லை. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, ஏ.எல். முடித்து, கம்பியூட்டர் படித்து, சொந்தக் கடை போட்டவள். நான்கு கம்பியூட்டர், ஒரு போட்டோகொப்பி மெஷின், ஒரு ஸ்கேனர். கணவன் லோகநாதன் லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறான். போய் மூன்று வருஷம் ஆகிறது.

இந்தப் புருஷன் பெண்சாதிக்கு ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு இருவரும் கம்பியூட்டரில் சந்திப்பார்கள். சும்மா அல்ல... ஒரு விளையாட்டுக்குள்!

முதலில் கேள்விப்பட்டபோது நானும் சிரித்தேன். "முப்பது வயசாச்சு, விளையாட்டா?" என்று கேட்டேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். பெரிய காடு. பனி. ஏரி. புஷ்பா கையில் ஆளைவிடப் பெரிய கோடரி. முன்னால் போய்க் கரடியை வெட்டுகிறாள். லோகநாதன் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு பின்னால் நின்று அவளுக்குக் காயம் ஆற்றுகிறான். கரடி எல்லாம் முடிந்த பிறகு, இருவரும் ஏரிக்கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார்கள். அப்போதுதான் டைப் அடித்துப் பேச்சு. மணிக்கணக்கில்!

"போன்ல பேசுங்களேன்?" என்றேன்.

"போன்ல பேசுனா சண்டைதான் டீச்சர் வருது. கூரை ஒழுகுது, உங்கம்மா இப்படிச் சொன்னாங்க, அது இதுன்னு... அங்க போனா அதெல்லாம் ஞாபகம் வர்றதில்ல."

எத்தனை வீட்டில் இப்படி ஒரு ஏரிக்கரை இருக்கிறது, சொல்லுங்கள்?

இந்த விளையாட்டு சும்மா கிடைப்பதில்லை. சந்தா கட்ட வேண்டும். கடையில் ஒரு கார்டு வாங்கி, அதைச் சுரண்டினால் நீளமாக ஒரு கோட் நம்பர் வரும். அந்த நம்பரை விளையாட்டுக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் அடித்தால் இரண்டு மாதத்துக்குக் கதவு திறக்கும். ஆரம்பத்தில் மூன்று வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டுத்தான் லோகநாதன் விமானம் ஏறினான். அது அந்த வாரச் சனிக்கிழமையோடு முடிகிறது. அதனால் லண்டனில் ஒரு கார்டு வாங்கி, நம்பரை அனுப்பியிருக்கிறான்.

புஷ்பா அடித்திருக்கிறாள். திரையில் சிவப்பு எழுத்து. 'இந்தக் கோட் உங்கள் வலயத்துக்கு உரியதல்ல.'

"பூச்சியத்தையும் ஓவையும் மாத்தி அடிச்சிருப்பே," என்றேன். டீச்சர் புத்தி... பிள்ளைதான் பிழை விட்டிருக்கும் என்றுதான் முதலில் தோன்றும்.

"மூணு தடவ பார்த்து அடிச்சிட்டேன். அவரு கார்ட போட்டோ புடிச்சும் அனுப்பிட்டாரு."

நாலாம் தடவை நான் அடித்தேன். அதே சிவப்பு. ஐந்தாம் தடவை அடிக்கக் கையை வைத்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பத் திரும்பப் பிழையாக அடித்தால் அக்கவுண்ட்டையே பூட்டிவிடுவார்களாம். வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். சிவப்பு எழுத்து வந்தால் கோட் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கார்டு பத்திரமாகத்தான் இருக்கும். அடிப்பதை நிறுத்திவிட்டு, அக்கவுண்ட்டில் எந்த நாடு போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நாங்களும் பார்த்தோம். பெயர், புஷ்பராணி லோகநாதன். சரி. ஊர், ஹாலிஎல. சரி. நாடு...

இந்தியா.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நீ போட்டியா?"

"நான் ஏன் டீச்சர் போடப் போறேன்?"

இந்தக் கம்பெனி உலகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. இந்தியாவுக்கு ஒரு தனித் துண்டு. இலங்கையை எங்கே சேர்ப்பது என்று தெரியாமலோ என்னவோ, ஐரோப்பாவோடு போட்டுவிட்டார்கள். லண்டன் கார்டு ஐரோப்பாவுக்கு உரியது. அதாவது, புஷ்பா இலங்கையில் இருந்தால் கார்டு வேலை செய்யும். இந்தியாவில் இருந்தால் செய்யாது. அவள் இருப்பதோ ஹாலிஎல சந்தியில், பேக்கரிக்குப் பக்கத்துக் கடையில்!

யார் மாற்றியது? பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினோம். தோண்டத் தோண்ட எனக்கு வியர்க்கத் தொடங்கியது.

மூன்று மாதத்துக்கு முன்னால், லோகநாதன் பெயரில் இருந்த அந்த அக்கவுண்ட்டைப் புஷ்பா தன் பெயருக்கு மாற்றக் கேட்டாள். 'உங்களை அடையாளப்படுத்தும் பத்திரம் ஒன்றை அனுப்பவும்' என்று கம்பெனி கேட்டது. ஒன்று. ஒன்றே ஒன்று.

நாங்கள் ஒன்பது அனுப்பினோம்.

நாங்கள் என்ன நாங்கள்... நான்தான். அந்த மின்னஞ்சலை எழுதியது நான். இந்தப் பக்கத்தில் யாருக்கு விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் நிரப்பிய பாரம் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. என்ன ரகசியம்? கேட்டதைவிடக் கூடக் கொடுப்பதுதான்!

தோட்டத்து வீடுகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரும்புப் பெட்டியில், சேலைக்கு அடியில், பிளாஸ்டிக் பை ஒன்று இருக்கும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம், கலியாணப் பதிவு, தோட்டத்துரை கொடுத்த கடிதம்... எல்லாம் அதற்குள். அலுவலகத்துக்குப் போகும்போது முழுப் பையையும் தூக்கிக்கொண்டு போவோம். ஒன்று குறைந்தால் 'நாளைக்கு வா' என்பான். எங்கள் அப்பாமாரைப் பத்திரம் கேட்டுக் கேட்டே அலைய வைத்தார்கள். அந்தப் பயம் எங்களோடும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நான் பட்டம் பெற்ற டீச்சர். எனக்கும் போகவில்லை.

ஆக, ஒரு விளையாட்டுக் கம்பெனிக்குப் புஷ்பாவின் முழுப் பையையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். போதாதென்று, அழகான ஆங்கிலத்தில் வரிக்கு வரி மொழிபெயர்ப்பும் செய்து கொடுத்தேன். பிறப்புப் பத்திரத்தில் தகப்பனின் இனம்: இந்தியத் தமிழர். பிரஜாவுரிமைப் பத்திரத்தில்: இந்திய வம்சாவளி.

எங்கேயோ ஓர் ஊரில் எங்கேயோ ஒரு மேசையில் இருந்த ஒரு பிள்ளை அதை வாசித்திருக்கிறது. 'ஓ... இந்தியாவா? நாடு தப்பாக இருக்கிறதே!' என்று நல்ல மனதோடு திருத்தி வைத்திருக்கிறது. 'உங்கள் விபரங்களைச் சரி செய்துவிட்டோம், நன்றி' என்று கடிதமும் போட்டிருக்கிறது. என்ன சரி செய்தார்கள் என்று நாங்கள் பார்க்கவே இல்லை.

எனக்கு வெட்கமாகிப் போனது. "மன்னிச்சுக்கோடி," என்றேன். மாணவியிடம் மன்னிப்புக் கேட்பது இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. புஷ்பா என்னிடம் படித்தவள்.

அன்றைக்கே லோகநாதன் போனில் வந்தான். ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "இதுக்கா இவ்வளவு? புதுசா ஒரு அக்கவுண்ட் தொறந்துரு புஷ்பா. அஞ்சு நிமிஷ வேலை."

"என் கோடரிக்காரியக் கொன்னுட்டுமா? மூணு வருஷமா வளர்த்திருக்கேன்!"

"சரி, சரி. அப்ப இந்தியான்னே இருக்கட்டும். கோயம்புத்தூர்ல உன் பெரிய தாத்தா வீட்டுப் புள்ளைங்க இருக்காங்கல்ல? ஒரு இந்தியக் கார்ட வாங்கி நம்பர அனுப்பச் சொல்லு. முடிஞ்சிச்சு. ஞாயித்துக்கிழமை சந்திக்கணுமா, வேணாமா?"

நியாயமான யோசனை. நானும் தலையாட்டினேன். புஷ்பா போனை வைத்துவிட்டு, மெஷினில் இருந்த கொப்பித் தாள்களை அடுக்கினாள். அடுக்கியதையே திரும்ப அடுக்கினாள்.

"டீச்சர், தோட்டத்துச் சனங்கள இந்தியாவுக்கு அனுப்புன ஒப்பந்தக் காலத்துல எங்க தாத்தா ரெண்டு வருஷம் பெட்டியக் கட்டி வச்சிட்டுக் காத்துக்கிட்டு இருந்தாராம். எப்ப பேரு வரும், எப்ப ஏத்தி அனுப்புவாங்கன்னு. அவரு பேரு வரல. அவரு அண்ணனுக்கு வந்திருச்சு. இந்த ஹாலிஎல ஸ்டேஷன்லதான் ரெயில் ஏத்தி விட்டாங்க. தலைமன்னார் போய்க் கப்பல். போனவங்க ஒருத்தரும் திரும்பி வரல."

கலைந்திருந்த ஒரு தாளை எடுத்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"அவங்க வீட்டுலருந்தே கார்டு வாங்கிப் போடச் சொல்றாரு. யாரோ ஒருத்தன் ஒரு பட்டனத் தட்டி என்னைய அங்க அனுப்பிட்டான். நானும் சரின்னு அந்தக் கார்டையே போட்டுட்டா, அப்புறம் நான் இங்கதான் இருக்கேன்னு எந்த வாயால சொல்றது? கம்பெனிக்கு எழுதுவோம். நடக்கலன்னா ஞாயித்துக்கிழமை போகட்டும்."

வாயால்தான் போகட்டும் என்றாள். அவளுக்கு அந்த ஞாயிறு எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியும். வேறு எங்கேயும் அவர்கள் சண்டை போடாமல் பேசுவதில்லை.

வீட்டுக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் பேனாதான் பேசும். நான்கு பக்கம் எழுதினேன்! தேயிலைக்கு முன்னால் இருந்த கோப்பித் தோட்டத்தில் ஆரம்பித்தேன். காடு வெட்டியது, ரோடு போட்டது, வாக்குரிமையைப் பறித்தது, ஒப்பந்தம் போட்டுப் பிரித்தது... நான்காம் பக்கத்தின் கடைசியில்தான் விளையாட்டு வந்தது. செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்ப் புஷ்பாவிடம் நீட்டினேன். முழுவதையும் வாசித்தாள். கண் கலங்கினாள். பிறகு சொன்னாள்:

"ரொம்ப நல்லாருக்கு டீச்சர். ஆனா அங்க இருக்கிற புள்ளைக்கு இவ்வளவும் வாசிக்க நேரம் இருக்காது. திரும்ப 'இந்தியா'ன்னு எங்கேயாவது கண்டா அதையே புடிச்சுக்கும்."

அவள் ஐந்து வரி எழுதினாள். 'என் அக்கவுண்ட்டில் நாடு தவறாக மாற்றப்பட்டுள்ளது. நான் இலங்கைப் பிரஜை. இலங்கையில் வசிக்கிறேன். என் கார்டு ஐரோப்பிய வலயத்துக்கு உரியது. பாஸ்போர்ட்டின் முதற்பக்கத்தை இணைத்துள்ளேன்.' அவ்வளவுதான்.

போன வருஷம் எடுத்து வைத்த பாஸ்போர்ட். இன்னும் ஒரு சீல்கூட விழவில்லை.

"பிறப்புப் பத்திரத்தையும் ஒரு பாதுகாப்புக்கு..." என்று இழுத்தேன்.

"டீச்சர்!"

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே ஒரு பக்கத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? வெறுங்கையோடு அரசாங்கக் கச்சேரிக்குப் போனது மாதிரி இருந்தது எனக்கு.

புதன், பதில் இல்லை. வியாழன், 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று மெஷின் அனுப்பும் பதில். வெள்ளி, ஒன்றுமில்லை. அன்று லோகநாதன் போன் எடுத்துக் கத்தினான். "நான் சொன்னதக் கேட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்!" இவளும் கத்தினாள். நான் பேக்கரிப் பக்கம் நகர்ந்துவிட்டேன். சனிக்கிழமை பழைய சந்தா முடிந்தது. கதவு சாத்தியாகிவிட்டது.

ஞாயிறு மத்தியானம் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. வடை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். புஷ்பா கம்பியூட்டருக்கு முன்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நாலரை ஆனது. வடை ஆறிப் போனது. நாலே முக்கால்...

டிங்!

மின்னஞ்சல். ஞாயிற்றுக்கிழமையும் யாரோ ஒரு புண்ணியவாளன் வேலை செய்திருக்கிறான். 'தவறுக்கு வருந்துகிறோம். உங்கள் நாடு இலங்கை என்று மாற்றப்பட்டுள்ளது. இப்போது கோட் நம்பரை அடித்துப் பாருங்கள்.'

ஒவ்வோர் எழுத்தாக நான் வாசித்தேன், அவள் அடித்தாள். இந்தத் தடவை பச்சை எழுத்து! நான் கத்திய கத்தில் பேக்கரி முதலாளி வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

கடிதம் எழுத வேண்டியிருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒன்று கேட்டால் ஒன்றைக் கொடுங்கள். நாங்கள் யார் என்பதை ஒன்பது பத்திரம் வைத்து நிரூபிக்கும் காலம் முடிந்துவிட்டது என்று நாங்களே முதலில் நம்ப வேண்டும். நானும் பழகிக்கொண்டு வருகிறேன்.

அதை விடுங்கள். திரையில் பனி. காடு. ஏரி. கரையில் வெள்ளை அங்கிக்காரன் தூண்டிலும் கையுமாகத் தனியாக உட்கார்ந்திருக்கிறான். கோடரிக்காரி விழுந்தடித்து ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

'எங்க போயிட்ட? அரை மணித்தியாலமாப் பார்த்துக்கிட்டு இருக்கேன்' என்று லண்டனிலிருந்து எழுத்து வந்தது.

புஷ்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு டைப் அடித்தாள்.

'இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க. திரும்பி வந்துட்டேன்.'