மைனஸ் பதினெட்டு

ஆய்வுக்கு எந்த வீட்டுக்குப் போனாலும், ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்ததும் நேராக மேற்குச் சுவரிடம் போய்ப் புறங்கையை வைப்பார். வீட்டுக்காரர்கள் நாற்காலி போடுவார்கள், தண்ணீர் கொண்டுவருவார்கள், அவர் திரும்பியே பார்ப்பதில்லை. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்கும் தாயின் முகம்தான் அப்போது அவருக்கு. பிறகு பையிலிருந்து வெப்பமானியை எடுத்து, கை சொன்னது சரிதானா என்று பார்ப்பார். ஒரு டிகிரி தப்பிவிட்டால் அன்று முழுக்க யாரோடும் சரியாகப் பேசமாட்டார்.

"உள்ளங்கை பொய் சொல்லும் சார். பாத்திரத்தப் பிடிச்சுப் பிடிச்சு மரத்துப் போயிருக்கும். புறங்கைக்குச் சூது தெரியாது" என்பார்.

வீட்டுக்கடன் சங்கத்தில் கள ஆய்வாளர். வயது ஐம்பத்தாறு. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'புறங்கை'. அது அவருக்கும் தெரியும். தொலைபேசியில் அழைப்பவர்களிடம் அவரே, "நான்தாங்க, புறங்கை பேசறேன்" என்று சொல்லிவிடுவதால், கேலி செய்தவர்களுக்குச் சுவாரசியம் போய்விட்டது.

அவருடைய சங்கம் ஒரு கடன் கொடுக்கிறது. கூரைக்கு வெப்பம் தடுக்கும் அடுக்கு, சுவருக்கு வெளிப்பூச்சு, ஜன்னலுக்கு வெயில் மறைப்பு ஆகியவற்றுக்கான கடன். வீடு குளிர்ந்தால் ஏசி குறைவாக ஓடும், ஏசி குறைந்தால் பில் குறையும், குறைந்த அந்தப் பணமே மாதத் தவணையாகத் திரும்பி வரும். கேட்பதற்கு அழகான ஏற்பாடுதான். மாதம் எத்தனை யூனிட் மிச்சமாகும் என்று கணக்கிட்டு, படிவத்தின் பதினான்காவது கட்டத்தில் எழுதுவது இவருடைய வேலை. அந்த எண் பெரிதாக இருந்தால் கடன் கிடைக்கும். சிறிதாக இருந்தால் படிவம் போன வழியே திரும்பிவிடும்.

என் வீட்டுக்கு அவர் வந்தது அப்படித்தான். பில்லைப் பார்த்து மிரண்டு நானும் விண்ணப்பம் போட்டிருந்தேன். மெல்லிய காகிதத்தில் ஒரு நீளத் துண்டு கிழித்து, மூடியிருந்த ஜன்னலின் ஓரத்தில் பிடித்தார். அது கிடுகிடுவென்று ஆடியது.

"உங்க ஏசி தெருவுக்கும் சேர்த்து ஓடுது சார். உங்களுக்கு எதுக்குக் கடன்? ரப்பர் பட்டை வாங்கி ஒட்டுங்க. அரை நாள் வேலை."

கடன் கொடுக்கும் இடத்திலிருந்து வந்தவர் கடன் வேண்டாம் என்று சொன்னதை நான் அதுவரை கேட்டதில்லை. பட்டையை ஒட்டினேன். கையோடு, இப்படிப்பட்டவர் மற்ற வீடுகளில் என்ன சொல்கிறார் என்று பார்க்க, அவருடன் சில நாள் சுற்றிவர அனுமதியும் வாங்கிக்கொண்டேன்.

சுற்றியதில் தெரிந்துகொண்டது, அவரோடு போவது கொஞ்சம் சங்கடமான காரியம். யார் வீடாக இருந்தாலும், ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் போய் அணைத்துவிடுவார். ஒருமுறை குளியலறை விளக்கை அணைக்க, உள்ளிருந்து அந்த வீட்டு மாமனார் போட்ட சத்தத்தில் நாங்கள் இருவரும் படிக்கட்டு வரை வந்துவிட்டோம். சொந்த வீட்டில் அவர் பாடு இன்னும் மோசம். வாடகை வீடு, அதுவும் மொட்டைமாடிக்கு நேர் கீழே. வாடகைக்காரர்களுக்கு அந்தக் கடன் இல்லை. வீட்டுச் சொந்தக்காரரோ, தான் வசிக்காத வீட்டுக்கு எதற்குச் செலவு என்று இருக்கிறார்.

"ஊரான் வீட்டுச் சுவரெல்லாம் தொட்டுப் பார்ப்பாரு. நம்ம வீட்டுச் சுவர் பக்கம் மட்டும் போக மாட்டாரு. மனசு கேக்காதாம்" என்றார் அவர் மனைவி. அவரோ விசிறி மட்டையால் முதுகைச் சொறிந்துகொண்டு, கேட்காததுபோல் இருந்தார்.

படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை அவர் எல்லா வீட்டிலும் கேட்பார். "மதியம் ரெண்டு மணிக்கு இந்த வீட்ல யார் இருப்பாங்க?" பெரும்பாலும் வருகிற பதில், யாரும் இருக்கமாட்டோம் என்பதுதான். தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அந்தக் கேள்வி எதற்கு என்று, தையற்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போனபோதுதான் எனக்கு விளங்கியது.

நான்காவது மாடி, கடைசித் தளம், ஒரே அறையும் சமையலுக்கு ஒரு மூலையும். லாரி ஓட்டிய காலத்தில் கணவன் வாங்கிய வீடு. சரக்கு இறக்கும்போது முதுகெலும்பு முறிந்து, மூன்று வருடமாகக் கணவன் கட்டிலில் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. இப்போது மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் குடும்பம் நடத்துகிறார். கட்டில் சுவரை ஒட்டி இல்லாமல் அறையின் நடுவில் கிடந்தது. சுவர் அனல் அடிப்பதால் அப்படி இழுத்துப் போட்டிருக்கிறார்கள். புறங்கையை வைத்தவர் சட்டென்று எடுத்தார். வெப்பமானி சுவரில் நாற்பத்து நான்கு காட்டியது.

வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இவர் இருப்பாரு சார். நான் மதியம் படிக்கட்டுல உக்காந்து கைவேலை பார்ப்பேன். பட்டன், காஜா, ஹெம்மிங். அந்தத் திருப்பத்துல கொஞ்சம் காத்து வரும்" என்றார் அந்தப் பெண். "இங்க மிஷின் போட முடியாது. வேர்வை சொட்டும். வெளிர் துணியில வேர்வை பட்டுட்டா யாரு வாங்குவா? இவரைத் தூக்கிட்டுப் போகவும் முடியாது. ஃபேன் போட்டு வெச்சிட்டுப் போவேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். நல்லாத்தான் இருக்கேன்" என்றார் கணவன். சென்ற கோடையில் இரண்டு முறை நினைவு தப்பியிருக்கிறது. இன்னொரு கோடை இப்படிப் போகக்கூடாது என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

புறங்கை பில்லைப் பார்த்தார். மாதம் அறுபத்திரண்டு யூனிட். ஒரு ஃபேன், ஒரு விளக்கு, தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி, அவ்வளவுதான். ஏசி இல்லை. ஏசியே இல்லாத வீட்டில் எதைக் குறைத்து எதை மிச்சம் காட்டுவது? பதினான்காவது கட்டத்துக்கு எழுத எதுவும் இல்லை. வெயிலில் வெந்துகொண்டிருக்கும் வீட்டுக்குக் கடன் இல்லை, இரண்டு ஏசி ஓடும் வீட்டுக்கு உண்டு. எனக்குக் கோபம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும், பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.

"ஏதாவது ஒரு நம்பர் போட்டுடுங்க சார். யாரு வந்து பார்க்கப் போறாங்க?" என்றார் அந்தப் பெண்.

"நான் பார்த்துட்டேனேம்மா" என்றார் அவர்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம், மதியம் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். கட்டில் அருகே உட்கார்ந்து அரை மணிக்கு ஒருமுறை வெப்பம் குறித்தார். அலுவலகத்தில் யாரும் சொல்லாத வேலை. மூன்றாம் நாள் நானும் இருந்தேன். அந்தப் பெண் ஃபேனைப் போட்டுவிட்டுத் துணிமூட்டையோடு படியிறங்கினார். காலடிச் சத்தம் அடங்கியதும் கணவன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கம்பை எடுத்தார். படுத்தபடியே நீட்டி, பழகிய கையால் சுவிட்சைத் தட்டினார். ஃபேன் நின்றது.

புறங்கை பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார்.

"தினம் நாலு மணி நேரம் சார். மாசத்துக்குச் சேர்ந்துடும்ல. அவ மேல வர்ற சத்தம் கேட்டதும் போட்டுடுவேன்" என்றார் கணவன். வியர்வை கழுத்துப் பள்ளத்தில் தேங்கி நின்றது. "அவகிட்ட சொல்லிடாதீங்க."

புறங்கை தன் கைக்குட்டையை நனைத்து அவர் நெற்றியில் போட்டார். சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, சொல்லமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஏழாம் நாள் கணக்கை முடித்தார். அறை குளிர்ந்தால் அந்தப் பெண் மதியமும் உள்ளே உட்கார்ந்து மிஷினில் தைக்கலாம். தினம் நான்கு மணி நேர மிஷின் வேலைக்கு மாதம் வருகிற கூலி, தவணையைப் போல ஒன்றரை மடங்கு. தவணை கட்ட வழி இருக்கிறது, அது பில்லிலிருந்து வரவில்லை என்பதுதான் வித்தியாசம். பில் ஏறத்தான் செய்யும். மிஷினுக்கு மாதம் ஒன்பது யூனிட் கூடும். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். பிறகு பதினான்காவது கட்டத்தில் 'மைனஸ் பதினெட்டு' என்று எழுதி, கையெழுத்துக்காக அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

அவர் தையற்காரர். எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"மிஷினுக்கு ஒன்பது, சரி. ஃபேனுக்கு ஒன்பதுன்னு போட்டிருக்கீங்களே? ஃபேன் இப்பவே ஓடிட்டுதானே சார் இருக்கு?"

புறங்கை ஜன்னலைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கணவன் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் மூவரையும் பார்த்துவிட்டுக் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். கம்பை எடுத்தார். அதன் நுனியில் சுவிட்சின் கறுப்பு வண்ணம் தேய்ந்து ஒட்டியிருந்தது.

"எவ்ளோ நாளா?" என்று கேட்டார்.

"விடு" என்றார் கணவன்.

"எவ்ளோ நாளான்னு கேட்டேன்."

கம்பை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் கையெழுத்துப் போட்டார். அழவில்லை. ஆனால் எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போனது. வேறு படிவம் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்த புறங்கை, கேட்காமல் மடித்துப் பைக்குள் வைத்தார். படியிறங்கும்போது என்னிடம், "நான் வாயத் தொறந்து சொல்லல சார். ஆனா எழுதாம விட்டா கணக்கு தப்பாயிடும்" என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டதைப் போலத்தான் இருந்தது.

சங்கத்தின் மேலாளர் ஒரு பெண்மணி. வயதில் இவருக்கு மகள் மாதிரி, பதவியில் மேலதிகாரி.

"என்ன சார் இது? மிச்சம் எவ்வளவுன்னு கேட்டா, செலவு எவ்வளவுன்னு எழுதியிருக்கீங்க. பத்தொன்பது வருஷத்துல இப்படி ஒரு ஃபைல் வந்ததில்லன்னு கிளார்க் சிரிக்கிறாரு."

"உள்ளதத்தான் மேடம் எழுதியிருக்கேன்."

"மைனஸை வெச்சுக்கிட்டு நான் எப்படிக் குழுவுல பேசறது?"

"ஒரு நாள் மதியம் வாங்க மேடம். ரெண்டு மணிக்கு. வேற எதுவும் கேக்கல."

புறங்கையின் நச்சரிப்பு தாங்காமல்தான் வந்திருக்க வேண்டும். கட்டிலருகே இருந்த நாற்காலியில் மேலாளர் உட்கார்ந்தார். புறங்கை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். கணவன் வழக்கம்போல், நல்லாத்தான் இருக்கேன் என்றார். பதினோராவது நிமிடம் மேலாளர் எழுந்து வெளியே போனார். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சற்று நேரம் கம்பி வழியாகத் தெருவைப் பார்த்தார். பிறகு, "அந்த ஃபைல் கையில இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. மேலாளர் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அது புறங்கையின் பையை விட்டு இறங்கவே இல்லை. குழுவில் மூன்று பேர் முரண்டு பிடித்ததாகவும், தவணை மாதத்துக்கு மாதம் ஒழுங்காக வந்தால்தான் இனி இப்படி ஒன்றைப் பார்ப்போம் என்று சொல்லிக் கடைசியில் இறங்கி வந்ததாகவும் பின்னர் கேள்விப்பட்டேன்.

கூரை, சுவர் வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து மறு ஆய்வு. நானும் ஒட்டிக்கொண்டேன். மதியம் இரண்டு மணி. படிக்கட்டுத் திருப்பத்தில் ஆள் இல்லை. மேலே மிஷின் சத்தம் கேட்டது. புறங்கை ஒரு படியில் நின்று கேட்டுவிட்டு ஏறினார்.

அந்தப் பெண் மிஷினை நிறுத்தாமல், வாங்க என்று தலையசைத்தார். மடியில் வெள்ளைத் துணி. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்ச் தட்டிய கம்பு ஜன்னலுக்குக் குறுக்கே கட்டப்பட்டு, தைத்து முடித்த சட்டைகள் அதில் தொங்கின. பில்லை எடுத்துக் கொடுத்தார். எண்பத்து மூன்று யூனிட், முன்பைவிட இருபத்தொன்று கூடுதல்.

"மூணு யூனிட் கூடுதலா எங்க போச்சு?" என்று புறங்கை முகம் சுளித்தார். பதினெட்டு என்று எழுதிக் கொடுத்தவருக்கு அந்த மூன்று உறுத்தியது.

"முன்ன நான் பக்கத்துல இருக்கறப்பகூட, போதும் அணைச்சிடுன்னுவாரு. இப்ப ஃபேன அணைக்க நான் விடறதில்ல சார். அதான்" என்று அந்தப் பெண் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அவர் மேற்குச் சுவரைத் தேடிப் போனார். கட்டில் இப்போது அறையின் நடுவில் இல்லை, சுவரோடு ஒட்டிக் கிடந்தது. கணவன் முதுகைச் சுவரில் சாய்த்து, ஒரு கையைச் சுவர்மேல் விரித்து வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கழுத்துப் பள்ளம் உலர்ந்திருந்தது.

புறங்கை நீட்டிய கை, சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. வெப்பமானி பையிலேயே இருந்தது. என்னைப் பார்த்து, போகலாம் என்று கண்ணைக் காட்டினார். வாசலில் ஷூவைப் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கி, படிக்கட்டுத் திருப்பத்தில், அந்தப் பெண் உட்கார்ந்து பட்டன் தைத்த அதே படியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் நாடாவைக் கட்டத் தொடங்கினார்.