பாவாவும் அந்தப் பொடிசும்

இன்னிக்கு காலைல எங்க பாவா என்கூட அரை மணி நேரம் சிரிச்சு சிரிச்சுப் பேசினாரு!

என்கூடன்னா... அஞ்சு வயசு என்கூட.

(பயப்படாதீங்க. நான் உங்களுக்கும் சேர்த்து பயந்தாச்சு.)

எங்க வீட்டு பாஷை உருது. பாவான்னா அப்பா. இந்த மாதிரி நாலஞ்சு வார்த்தை தான் எனக்கு இப்ப மிச்சம்!

தஞ்சாவூர்ல இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்தப்ப, ஸ்கூல் கேட்ல நின்னு அம்மா உருதுல கூப்பிட்டா பிள்ளைங்க சிரிக்கும். "இனிமே தமிழ்ல பேசு, இல்லன்னா இந்தப் பக்கமே வராதே"ன்னு சண்டை போட்டேன். அம்மா மாறிட்டாங்க. சவுதிலேர்ந்து லீவுல வந்த பாவாவும் எனக்காக மாறிட்டாரு.

அம்மா இப்ப இல்ல. பாவாவுக்கு மூணு வாரம் முன்னாடி ஸ்ட்ரோக். பேச்சு திரும்பி வந்துடுச்சு, ஆனா தமிழ் வரல. வெறும் உருது!

"பின்னால கத்துக்கிட்ட பாஷை சில பேருக்கு இப்படிப் போயிடும்மா, பொறுத்துப் பாப்போம்"னாரு டாக்டர்.

பாவா ஏதோ கேப்பாரு. தண்ணி குடுப்பேன். தலைய ஆட்டுவாரு. போர்வை குடுப்பேன். மூஞ்சியத் திருப்பிப்பாரு. நான் யாருன்னு அவருக்குத் தெரியுதான்னே எனக்குத் தெரியல. அது தான் கொல்லுது.

இன்னிக்கு பரண்ல வெந்நீர் பை தேடறப்ப, அவரு சவுதிலேர்ந்து கொண்டு வந்த டேப் ரெக்கார்டர் கிடைச்சுது. உள்ள ஒரு கேசட்!

அப்பல்லாம் லெட்டருக்குப் பதிலா கேசட்ல பேசி, லீவு முடிஞ்சு போறவங்ககிட்ட குடுத்து அனுப்புவோம். அம்மா ஒரு கேள்வி கேட்டுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பாங்க. அங்க ரூம்ல உக்காந்து பாவா அதுக்கு பதில் சொல்லணுமாம்! (ரூம்காரங்க செம ஓட்டு ஓட்டுவாங்களாம்.)

கட்டில் பக்கத்துல வெச்சு ப்ளே அமுக்கினேன்.

அம்மா குரல். ஒரு கேள்வி. அமைதி.

பாவா பதில் சொன்னாரு!

அப்புறம் ஒரு பொடிசு வந்துச்சு. மூச்சு விடாம உருது! அது நான் தான். 'மேட்டூர்' தவிர ஒரு வார்த்தை புரியல. (டெல்டாக்காரங்க எந்த பாஷைல பேசினாலும் மேட்டூர்ல தண்ணி தொறந்தாச்சான்னு கேக்காம விடமாட்டோம்!)

அது கேக்கும், நிறுத்தும். இவரு பதில் சொல்வாரு. சரியா இவரு முடிச்சப்புறம் அது சிரிக்கும்ங்க! யாரோ வெளியாளு மாதிரி கட்டில் ஓரத்தப் புடிச்சிக்கிட்டு நின்னேன்.

டேப் டக்குனு நின்னுது.

பாவா டேப்பையும் என்னையும் மாறி மாறிப் பாத்து, ஒரே விஷயத்த திரும்பத் திரும்பச் சொன்னாரு. மூணு வாரமா தோணாத புத்தி அப்பத்தான் வந்துச்சு, அத ரெக்கார்ட் பண்ணி ஆம்பூர் காலாவுக்கு (அம்மாவோட தங்கச்சி) அனுப்பினேன்.

உடனே போன் வந்துச்சு. அழறாங்க.

"என்ன காலா சொல்றாரு?"

"உங்கிட்ட தான்டி கேக்கறாரு. மரியாதையா, யாரோ வெளியாளுகிட்ட கேக்கற மாதிரி. 'எம்பொண்ணு உள்ள மாட்டிக்கிட்டா, கொஞ்சம் தொறந்து விடுங்கம்மா'ன்னு..."

நான் என்னங்க செய்ய? கேசட் மூடியத் தொறந்தேன்.

பாவா மூஞ்சில அப்படி ஒரு சந்தோஷம்! மெல்ல நகர்ந்து கட்டில்ல கொஞ்சம் இடம் விட்டாரு. ஆசையா உக்காரப் போனேன்.

கைய நீட்டித் தடுத்துட்டாரு.

அங்க ஏற்கனவே அந்தப் பொடிசு உக்காந்தாச்சு.

இத டைப் பண்ற இந்த நிமிஷமும் அந்த வெறும் இடத்தப் பாத்துப் பேசிக்கிட்டு இருக்காரு. ஒரு கேள்வி கேட்டுட்டு நிறுத்தறாரு. அம்மா டேப்ல நிறுத்தின அதே அளவு நேரம்.

அந்த நேரம் முழுக்க நான் வாயத் தொறந்து தொறந்து மூடறேன்.

யாராச்சும் எனக்கு உருது சொல்லித் தர்றீங்களா, ப்ளீஸ்?

நிறைய வேணாம். அஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தெரியற அளவு போதும்.