எண்ணெய் இல்லாத பாட்டில்

நோட்டிலிருந்து கிழித்த ஒரு கோடு போட்ட தாள். கிழித்த ஓரம் இன்னும் பிசிறாகவே இருக்கிறது. மேல் விளிம்பில் டேப் ஒட்டிய பழுப்புத் தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று. நீல மையில் இரண்டே வரிகள்: ‘டாக்டரம்மா வண்டிக்குப் பாட்டிலை மாற்றிக் கொடுத்தது என் தவறு. எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.’ கையெழுத்து என்னுடையது. தவறு என்னுடையது இல்லை. இந்தத் தாளைப் பல வருடம் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். போனது போகட்டும், மறந்துவிடு என்று சொன்னவர்கள் உண்டு. நான் மறக்கிற ரகம் இல்லை.

வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிய நாட்களில், வண்ணார்பேட்டை பைபாஸ் ரோட்டில் கார்களுக்கு மெருகு போடும் ஒரு கடையில் வரவேற்பாளராகச் சேர்ந்தேன். அங்கே எல்லாம் மேனேஜர்தான். முதலாளி வெளியூரில் இருந்ததால் கடையே தன்னுடையது என்ற நினைப்பு அவருக்கு. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், பேச்சில் தேன். அந்தத் தேன் வாடிக்கையாளர்களுக்கு மட்டும், எங்களுக்கு வேறு. வண்டியை ஒப்படைக்கும்போது ஒரு குவளைத் தண்ணீரைக் காரின் முன்மூடியான பானட்டில் ஊற்றி, அது முத்து முத்தாக உருண்டு ஓடுவதைக் காட்டுவார். பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். நானும் முதல் வாரம் பிளந்தேன்.

அந்தத் தண்ணீருக்குப் பின்னால் இருந்த தில்லுமுல்லு எனக்குப் பிடிபட அதிக நாள் ஆகவில்லை. சீலன்ட் என்பது காரின் பெயின்ட்டுக்கு மேல் பூசும் காப்பு. வெயிலும் உப்புக் காற்றும் பறவை எச்சமும் பெயின்ட்டைத் தின்னாமல் அது தடுக்கும். தண்ணீரை அப்படி உருட்டிவிடுவதும் அதுதான். அதைப் பூசும் முன், மேலே படிந்திருக்கும் பழைய மெழுகையும் கறையையும் ஒரு கிளீனரால் எடுக்க வேண்டும். எங்கள் கடையில் அதற்கு இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்றில் எண்ணெய் கலந்திருக்கும். சின்னச் சின்னக் கீறல்களை அது நிரப்பி மறைத்து, தேய்த்த மாத்திரத்தில் கிழட்டு வண்டியைக்கூடப் புதுமாப்பிள்ளை ஆக்கிவிடும். மற்றதில் எண்ணெய் கிடையாது. தேய்த்தால் வண்டியின் உண்மையான முகம் தெரியும், கீறல் உட்பட. அந்தக் கீறலை உட்கார்ந்து மெருகேற்றித்தான் போக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் ஆகும். ஆனால் நாங்கள் பூசிய சீலன்ட் பிடித்து நிற்பது அந்த வெறும் பெயின்ட்டில்தான். எண்ணெயின் மேல் பூசினால் நாலு மழைக்கு மேல் தாங்காது. மேனேஜர் கை எப்போதும் எண்ணெய்ப் பாட்டிலுக்குத்தான் போகும். பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு நான் அவரிடம் போய்ச் சொன்னேன். என் அறியாமை அது.

“சார், இதுல எண்ணெய் இருக்கு. மேல பூசுதது நிக்காது.”

“ஏட்டி, பாட்டில் படிக்கவா ஒன்ன வேலைக்கு வச்சிருக்கு? அங்கன போயி போனை எடு.”

வண்டி தேய்த்துக்கொண்டிருந்த பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள். மறு வாரம் ஒரு டாக்டரம்மாவின் கறுப்புக் காருக்கு எண்ணெய்ப் பாட்டிலையே தன் கையால் எடுத்துப் பையன்களிடம் கொடுத்து வேலையை முடிக்கச் சொன்னார். டாக்டரம்மா இருந்த பகுதியில் தாமிரபரணித் தண்ணீர் வராது. உப்பான போர் தண்ணீரில்தான் வண்டி கழுவுவார்கள். இரண்டு மாதத்தில் சீலன்ட் காணாமல் போய், உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைப் பொட்டுகள் பானட் முழுக்க இறங்கிவிட்டன. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அவர் கேட்ட கேள்விக்கு மேனேஜர் என்னைக் கை காட்டினார். “இந்தப் புள்ளதான் பாட்டில மாத்திக் குடுத்துட்டா, மேடம். வேலைக்குப் புதுசு.” நான் வாய் திறப்பதற்குள் என்னை முறைத்து, உள்ளே போகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்தத் தாள். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘மன்னிப்பு’ என்ற சொல் சின்னதாக இருக்கிறது, பெரிதாக எழுது என்று ஒரு தடவை திருப்பிக் கொடுத்தார்.

எழுதியதோடு விட்டிருந்தால்கூட இத்தனை ஆத்திரம் இருந்திருக்காது. வாடிக்கையாளர்கள் உட்காரும் அறையின் கண்ணாடியில் அதை என் கையாலேயே ஒட்டச் சொன்னார். அந்தக் கண்ணாடியையும் பளபளப்புக்காக அதே எண்ணெய்க் கிளீனரால்தான் துடைப்பார்கள். டேப் எப்படி நிற்கும்? மறுநாள் மத்தியானத்துக்குள் தாள் விழுந்துவிடும். “பைய எந்திரிச்சு ஒட்டு,” என்பார், நாற்காலியில் சாய்ந்தபடி. இப்படி மூன்று நாள், மூன்று தடவை, வந்தவர் போனவர் எல்லாரும் படிக்கப் படிக்க ஒட்டினேன். நாலாவது நாள் அது விழுந்தபோது எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதன் பிறகு நெல்லையில் எந்த மெருகுக் கடைக்குப் போனாலும் ‘பாட்டில் மாத்துன புள்ளையா’ என்று கேட்டார்கள். அவர் அந்தளவுக்குச் சொல்லி வைத்திருந்தார். என்றைக்காவது இதற்குப் பதில் கொடுக்காமல் விடமாட்டேன் என்று அன்றே நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பின்னால் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டை ஒட்டிய இடத்தில் நானே ஒரு கடை போட்டேன். இரண்டு வண்டிகள் நிற்கலாம். அங்கே முதல் நாளிலிருந்து ஒரு வழக்கம் உண்டு. பானட்டில் ஒரு பாதிக்கு எண்ணெய்க் கிளீனர், மறு பாதிக்கு எண்ணெய் இல்லாதது என்று தேய்த்துக் காட்டி, எது என்ன செய்யும் என்று சொல்லிவிடுவேன். எது வேண்டும் என்று வாடிக்கையாளர் தன் கைப்பட எழுதித் தர வேண்டும். இது என்ன ரிஜிஸ்டர் ஆபீசா என்று கேலி செய்தவர்களும் எழுதிக் கொடுத்தார்கள்.

போன தை மாதம் ஒரு கருநீலக் கார் வந்து நின்றது. இறங்கியவர் வெள்ளைச் சட்டையில் இருந்தார். முடி கொட்டிவிட்டது, தொப்பை வந்துவிட்டது, நெற்றிச் சந்தனம் மட்டும் அப்படியே இருந்தது. மேனேஜர். அந்த பைபாஸ் ரோட்டுக் கடை மூடிப் பல வருடமாகியிருந்தது. முகக்கவசமும் தலைத்துணியுமாக நின்ற என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மகளுக்குக் கல்யாணம், மருமகனுக்குக் கொடுக்கிற வண்டி, இரண்டு வருடம் ஓடியது என்று தெரியாதபடி ஆக்கித் தர வேண்டும் என்றார். எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துச் சத்தமில்லாமல் தேய்த்து அனுப்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படிச் செய்தால் அந்தத் தாளில் எழுதியிருப்பது உண்மையாகிவிடும். ஆகவே வழக்கப்படி இரண்டு பாதியும் தேய்த்துக் காட்டினேன். எண்ணெய் போட்ட பாதி மின்னியது. மற்ற பாதியில் வலைப்பின்னலாகக் கீறல்கள்.

“அண்ணாச்சி, இந்தப் பளபளப்பு எண்ணெயோடது. இதுமேல சீலன்ட் நிக்காது. எண்ணெய் இல்லாததப் போட்டு, ஒரு நாள் கூட எடுத்து மெருகேத்துனா வருசக்கணக்கா நிக்கும்.”

“நான் இந்தத் தொழில்ல பழம் தின்னு கொட்டை போட்டவன், மேடம். பொம்பள நீங்க என்னமோ பாட்டிலப் படிச்சிட்டுச் சொல்லுதிய. மின்னுதத போடுங்க.”

நான் சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு பெண் சொன்னால் அவர் கேட்கமாட்டார் என்பது தெரிந்தேதான் சொன்னேன் என்பதும் உண்மை. என் வீட்டுக்காரரை விட்டுச் சொல்ல வைத்திருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார். வீட்டுக்காரர் உள்ளேதான் இருந்தார். நான் கூப்பிடவில்லை. தாளையும் பேனாவையும் நீட்டினேன். ‘எண்ணெய் உள்ள கிளீனரை நானே கேட்டுப் போடச் சொன்னேன். சீலன்ட் நிற்காது என்று எனக்குச் சொன்னார்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து சின்னதாக இருந்தது. பெரிதாக எழுதச் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்து திருச்செந்தூருக்குப் போயிருக்கிறார்கள். வண்டிக்குப் பூஜை போட்டு, பானட்டில் சந்தனமும் குங்குமமுமாகப் பெரிய வேல் ஒன்று வரைந்திருக்கிறார்கள். நம் ஊரில் அதை உடனே துடைக்க யாருக்கும் மனசு வராது. தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவார்கள். அடியில் சீலன்ட் நன்றாகப் பிடித்திருந்தால் அதனால் பெரிய கேடு இல்லை. இங்கே அது இல்லாததால், வெயிலில் இரண்டு வாரம் காய்ந்து, கழுவியபோது வேலின் வடிவம் வெளிறிய தடமாகப் பெயின்ட்டில் பதிந்திருந்தது. எண்ணெய் போனதும் கீறல்களும் மேலே வந்துவிட்டன. மேனேஜர், மகள், மருமகன் மூவருமாக வந்து இறங்கினார்கள்.

“பாட்டில மாத்திப் போட்டுட்டா மாப்ள! இவளுக்குத் தொழிலே தெரியாது!” என்று அவர் வாசலிலிருந்தே கத்தினார். அதே பழி. இத்தனை வருடத்தில் அது மாறவேயில்லை. நான் அவர் எழுதிய தாளை எடுத்து மருமகன் கையில் கொடுத்தேன். பிறகு உள்ளே போய், புடவைக்கு அடியிலிருந்த தாளைக் கொண்டுவந்து மேனேஜர் கையில் கொடுத்து, முகக்கவசத்தைக் கழற்றினேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். “இத எழுதுனது நீயா?”

“எழுதுனது நான். சொன்னது நீங்க.”

மருமகன் தன் கையிலிருந்த தாளை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, பானட்டின் கீறல்களை விரலால் தடவிப் பார்த்தான். “அவ்வளவா ஓடாத வண்டின்னுல்லா மாமா சொன்னிய?” என்றான். மேனேஜர் தரையைப் பார்த்தார். அந்தக் காட்சியை நான் ரசித்தேன். எவ்வளவு நேரம் நீண்டாலும் ரசித்திருப்பேன். அந்தப் பெண் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றதை மட்டும் பார்க்க முடியவில்லை. அவள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. வண்டியை இரண்டு நாள் விட்டுப் போகச் சொல்லி, எண்ணெய் இல்லாத கிளீனரைப் போட்டு, வேல் தடத்தையும் கீறலையும் மெருகேற்றி எடுத்து, சீலன்ட் பூசிக் கொடுத்தேன். அது அவளுக்காக.

போகும்போது மேனேஜர் தனியாக வந்தார். குரலில் பழைய தேன் திரும்பியிருந்தது. “நான் எழுதுன தாளக் கிழிச்சுப் போட்டுரும்மா. நாலு பேரு பாத்தா நல்லாவா இருக்கும்?” நான் தலையசைத்தேன். அதைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது என் கடைக் கண்ணாடியில் இரண்டு தாள்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நோட்டில் கிழித்த பிசிறுத் தாள் இடப் பக்கம், அவருடையது வலப் பக்கம். வருகிறவர்கள் படித்துவிட்டுக் கதை கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஒட்டுவதற்கு முன் அந்தக் கண்ணாடியை எண்ணெய் இல்லாத கிளீனரால் நன்றாகத் துடைத்தேன். மழைக்காலமும் வந்துவிட்டது. இதுவரை ஒரு தடவைகூட விழவில்லை.