தரையிலிருந்து எழும் தூண்கள்

பேருந்துப் பணிமனை அலுவலகத்தில் அவளுக்குத் 'தூண்' என்று பெயர். ஒல்லிக்குச்சி உடம்புக்கு இப்படி ஒரு பெயரா என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், அறிவிப்புப் பலகையைக் கைகாட்டுவார்கள். நூறு நடைக்கு எத்தனை நடை நேரத்துக்குப் போனது என்று மாதாமாதம் அவள் கணினியில் போட்டு ஒட்டும் படம் அது. ஓட்டுநர் ஒருவருக்கு ஒரு தூண்.

முட்டி வலியால் டிக்கெட் கவுன்டரிலிருந்து உள்ளே மாற்றப்பட்டபோது மவுஸைத் தொடவே பயந்தவள்தான். இப்போது பெயர்களையும் எண்களையும் தட்டி, மொத்தமாக இழுத்துப் பிடித்து, சார்ட் என்று ஒரு சொடுக்கு. தூண்கள் எழுந்து நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உண்மையான வேலை: நிறம் தேடுவது. கல்யாணத்துக்குத் துணி எடுப்பவள் மாதிரி போட்டுப் போட்டுப் பார்ப்பாள்.

அந்த மாதம் ஒரு தூண் மட்டும் எழவில்லை. மற்றவர்கள் தொண்ணூற்று நான்கிலிருந்து தொண்ணூற்று ஏழு வரை நிற்க, ஆஸ்பத்திரித் தடத்து ஓட்டுநர் தொண்ணூற்று ஒன்றில் ஆணித்தலை போலத் தெரிந்தான். அவன் அவளுடைய கொழுந்தன். மாடி அறையில் குடியிருப்பவன். மேலாளர் எண்ணைப் படிக்கும் ஜாதியில்லை. நடந்தபடியே படத்தைப் பார்த்தார். அவனைத் தடத்திலிருந்து எடுத்து ரிசர்வில் போடச் சொல்லிவிட்டார். ரிசர்வ் என்றால், யாராவது வராமல் போகும்வரை பெஞ்சைத் தேய்ப்பது.

சாப்பாட்டு மேசையில் தட்டு காயும்வரை பேசுகிற கொழுந்தன் அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். உட்கார்ந்த இடத்திலேயே சம்பளம், கசக்குதா என்று அவள் கணவன் தம்பியைச் சீண்டிப் பார்த்தான்.

"நம்பர்ல நான் கை வைக்கல, தம்பி" என்றாள்.

"நம்பர் சரிதான் அண்ணி. ஒம்பது லேட்டு, ஒத்துக்கறேன். ஆனா மத்தவன்லாம் தென்ன மரமா நிக்கறான், நான் கீரைச்செடியா நிக்கறேன். நேரத்துக்குப் போன தொண்ணூத்தொண்ணு எங்க போச்சு?"



மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய்ப் படத்தைத் திறந்தாள். இத்தனை காலம் நிறத்தையே பார்த்தவள், முதல்முறையாக இடது ஓரத்து எண்களைப் பார்த்தாள். அடியில் இருந்தது பூஜ்யம் அல்ல, தொண்ணூறு. எண்கள் நெருங்கிக் கிடப்பதைக் கண்டு கணினி தானாகவே அடிமரத்தை வெட்டிவிட்டு நுனியை மட்டும் காட்டியிருக்கிறது. அந்த எண்களின் மேல் சொடுக்கி, குறைந்தபட்சம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். தூண்கள் சரசரவென்று வளர்ந்தன. கொழுந்தன் மற்றவர்களைவிட ஒரு நகக்கண் அளவே குட்டை.

அந்தச் சந்தோஷம் டீ வரும்வரைதான். வீட்டு ஆளுக்காகச் செய்துவிட்டாள் என்று ஊர் வாய் மெல்லுமே! படத்தை ஒட்டவில்லை. பழையதையும் புதியதையும் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள். அவன் தன் கொழுந்தன் என்பதை முதலில் சொன்னாள். தொண்ணூறு விழுங்கப்பட்ட கதையைப் பிறகு சொன்னாள்.

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எல்லாரும் ஒரே உயரமா நிக்கறாங்களேம்மா. இதுல நான் யாரைத் திட்டறது?"

ஒரு மாதம் பார்ப்போம் என்று மேலாளர் ரிசர்வ் உத்தரவை ரத்து செய்துவிட்டார். தொண்ணூற்று ஏழு வாங்கியவர்தான் அவளுடன் பேச்சை நிறுத்திக்கொண்டார்; பழைய படத்தைத் தன் மாமனார் வீடு வரைக்கும் பெருமையாக அனுப்பியிருந்தாராம்.

அடுத்த நாள் அவள் கொழுந்தனின் பேருந்திலேயே வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரி வாசலில் கிளம்பும் நேரம் தாண்டியும் வண்டி நகரவில்லை. கடிகாரத்தைப் பார்த்துச் செருமினாள். எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தபடி ஒரு பெரியவர் காலை இழுத்து இழுத்து வந்து, மூச்சிரைக்க ஏறினார்.

"இதையும் லேட்டுலதான் போடுவேன், தம்பி."

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்து கியரைத் தள்ளினான். "போடுங்க அண்ணி. தரையிலேர்ந்து போடுங்க."